பானையும் மின்சாரக் காரும்

வில்லியனூரில் சுடுமண் பாண்டங்கள் செய்வோர் இன்றும் இருக்கின்றனர். அவர்களிடம் ஒரு தண்ணீர்ப் பானை வாங்கச் செல்லும் இல்லத்தரசி யார்தாம் அதைத் தட்டிப் பாராமல் வாங்குகிறாள்? விரல் முட்டியால் தட்டி, ஓசை கணீரென்று எழுகிறதா, சொத்தையாக ஒலிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, உள்ளே கையை விட்டுத் துழாவி, வெயிலில் தூக்கிப் பிடித்துக் கீறல் உண்டா என்று பார்த்த பிறகே முந்தானையிலிருந்து காசை அவிழ்க்கிறாள். குயவரும் அதை அவமதிப்பாகக் கொள்வதில்லை. அவரே இன்னொரு பானையை எடுத்து, "இதையும் தட்டிப் பாருங்கம்மா" என்று நீட்டுவார். ஆனால் பத்து இலட்சத்துக்கு மேல் விலைபோகும் மோட்டார் வாகனத்தை வாங்கும்போது மட்டும் நம்மவர்க்கு ஏனோ வாய் அடைத்துவிடுகிறது. மாலை, இனிப்புப் பெட்டி, ரிப்பன் சுற்றிய பெரிய அட்டைச் சாவி, நிழற்படம்! இவற்றின் நடுவே குனிந்து சக்கரத்தைப் பார்ப்பது கௌரவக் குறைவு என்று எண்ணிவிடுகிறோம்.

எங்கள் இல்லம் பிள்ளைச்சாவடியில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் இடையே இருக்கிறது. எங்களில் ஒருவர் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் வீட்டையும், 78 வயதான எங்கள் அம்மாவையும் கவனித்து வருபவர். சிறுநீரகக் கோளாறு காரணமாக அம்மாவை வாரம் இருமுறை ஜிப்மர் மருத்துவமனைக்கு டயாலிசிஸ் சிகிச்சைக்காக அழைத்துச் செல்லவேண்டும். போகும்போது அவர் ஓரளவு தெம்பாக இருப்பார். திரும்பும்போது தலையை நிமிர்த்தவும் இயலாது. ஆட்டோவில் ஒவ்வொரு வேகத்தடையும் அவர் முகத்தில் தெரியும். ஆகவே, பணிக்கொடையாகக் கிடைத்த தொகையின் பெரும்பகுதியை ஒரு காரில் இடுவது என்று முடிவு செய்தோம். தினப்படி ஓட்டம் மிகக் குறைவு. இரவில் வீட்டிலேயே மின்னேற்றிக் கொள்ளலாம். சரக்கு மற்றும் சேவை வரியும் மின்சார வாகனங்களுக்கு 2019 ஆகஸ்டு முதல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. இக்காரணங்களால் மின்சாரக் கார் என்று தீர்மானமாயிற்று. எந்த நிறுவனத்தின் கார், எந்த விற்பனையகம் என்பதை இங்கு எழுதப் போவதில்லை. எழுதுவதால் வாசகர்க்குப் பயனுமில்லை. ஏனெனில் நாங்கள் கண்டது எந்தக் கொட்டிலிலும் காணக்கூடியதே.

சென்ற 2025 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பணம் செலுத்தியாயிற்று. ஞாயிறு திருப்பலிக்குப் பின் புதுவாகனத்தை மந்திரிக்கப் பங்குத் தந்தையிடம் நேரம் கேட்டிருந்தோம். அன்று மாலையே வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்திற்கு முதற்பயணம் என்றும், கூடப்பாக்கத்திலிருந்து உறவினர் அங்கு வந்து சேர்ந்துகொள்வதென்றும் ஏற்பாடு. இத்தனையும் ஏற்பாடு செய்து வைத்திருப்பது விற்பனையாளருக்குத் தெரிந்தால், அதுவே அவர் கையில் ஒரு சாவியாகிவிடும் என்பதையும் இங்குச் சொல்லிவைக்கிறோம்.

அதற்கு முன்பே, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்னியல் பயிலும் எங்கள் உறவுப் பையன் (அது நம்மூரில் பொறியியற் கல்லூரியாக இருந்தது, 2020 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது) எங்களிடம் ஒரே ஒரு காரியத்தை வற்புறுத்தியிருந்தான். காரைப் பார்ப்பதாயின் காட்சிக்கூடத்தில் மாலையிட்டு நிறுத்தியபின் பார்க்கக் கூடாது. அதற்கு முன்பே, ஊருக்கு வெளியே வண்டிகளை நிறுத்தி வைக்கும் கொட்டிலில், பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்றான். விலைச்சீட்டு எழுதி, காப்பீடு எடுத்து, பதிவுக்கும் விண்ணப்பித்துவிட்டால், அந்த வாகனம் நம் பெயருக்கு வந்துவிட்டதாகிவிடும். பிறகு கண்டுபிடிக்கும் குறை எதுவாயினும் "சரிசெய்து தருகிறோம்" என்பார்களேயன்றி, "மாற்றித் தருகிறோம்" என்று சொல்லமாட்டார்கள். மாற்றக் கேட்கும் உரிமை நடைமுறையில் அந்தச் சில நாட்களுக்குத்தான் வலிமையோடு இருக்கிறது. ஆகவே பதிவுக்கு விண்ணப்பிக்குமுன் வண்டியைக் காட்டவேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டு, அதற்கு ஒப்புதலும் பெற்றோம்.

கொட்டிலுக்கு நாங்கள் இருவரும், அந்தப் பையனும், எங்கள் அடுத்த வீட்டு மீனவ அண்ணனும் சென்றோம். அண்ணனை ஏன் அழைத்தீர்கள் என்று பலர் பிற்பாடு கேட்டனர். புதிய ஃபைபர் படகு ஒன்று ஊருக்கு வந்தால், முதலில் அவரைத்தான் அழைத்துக் காட்டுவார்கள். நாணயத்தால் படகின் அடிப்புறம் முழுவதும் தட்டிக்கொண்டே போவார். உள்ளே கண்ணாடி இழையும் பசையும் சரியாக ஒட்டாமல் காற்று தங்கியிருக்கும் இடத்தில் ஓசை மாறும். கரையில் கண்டுபிடிக்காத குறையைக் கடலில் கண்டுபிடித்தால் என்னவாகும் என்பதை அறிந்த மனிதர் அவர். அத்தகைய கண்ணுக்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை.

கார் வெண்மையாக, மிக அழகாக நின்றது. உள்ளே மெத்தைகள் மேல் பிளாஸ்டிக் உறை. புது வாசனை. எங்களுக்கு அப்போதே மனம் இளகிவிட்டது என்பதை மறைப்பானேன்?

பையன் முதலில் காரைப் பார்க்கவில்லை, எண்களைப் பார்த்தான். ஒவ்வொரு வாகனத்துக்கும் 17 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளக் குறி உண்டு. அதில் பத்தாவது இடத்திலுள்ள எழுத்து பெரும்பாலான நிறுவனங்களில் ஆண்டைக் குறிக்கிறது. 'ஆர்' என்றால் 2024. 'எஸ்' என்றால் 2025. எங்கள் காரில் 'ஆர்' இருந்தது. டயரின் பக்கவாட்டில் சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. நான்கு டயர்களிலும் 4524 என்றிருந்தது. அதாவது 2024 இன் 45 ஆவது வாரம், நவம்பர் மாதம். ஆக, வண்டி எட்டு மாதத்துக்கு நெருங்கிய காலம் எங்கோ வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கிறது. அது ஒன்றே குற்றமாகாது. ஆனால் மின்சாரக் காரைப் பொறுத்தவரை, சும்மா நிற்பதும் ஒரு வேலைதான். பெரிய மின்கலத் தொகுதி மிகக் குறைந்த மின்னேற்றத்தில் நெடுநாள் கிடப்பதும், முழு ஏற்றத்தோடு வெயிலில் நெடுநாள் கிடப்பதும் அதன் ஆயுளுக்கு நல்லதன்று. திரையைத் திறந்து பார்த்தபோது 9 விழுக்காடு என்று காட்டிற்று. போதாக்குறைக்கு, விளக்கு, பூட்டு, கணினி ஆகியவற்றுக்கு உயிர்கொடுக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரியும் தளர்ந்திருந்ததால், வண்டியை உயிர்ப்பிக்க வேறொரு பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்தார்கள். மின்சாரக் காருக்கு இந்தச் சிறிய பேட்டரி எதற்கு என்று வியப்போர் உண்டு. அது செத்துவிட்டால், பெரிய மின்கலத்தில் எவ்வளவு மின்சாரம் இருந்தாலும் கதவின் பூட்டுகூடத் திறவாமற் போகலாம்.

அடுத்தது உடற்கட்டு. கதவுக்கும் சட்டத்துக்கும், மூடிக்கும் விளக்குக்கும் இடையே உள்ள சந்து எங்கும் ஒரே அகலமாக இருக்கவேண்டும். இதற்கு அளவுகோல் வேண்டாம்; பழைய அஞ்சலட்டைகளை நான்கைந்தாக அடுக்கிச் செருகிக்கொண்டே வந்தால் போதும். இடப்புறத்தில் நுழைந்த அடுக்கு வலப்புறத்தில் நுழையாவிட்டால் நின்று கவனிக்கவேண்டும். பெரிய பெயர் பெற்ற நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றன. அமெரிக்காவில் சாண்டி மன்றோ என்னும் பொறியியலாளர் 2018 இல் டெஸ்லா நிறுவனத்தின் மாடல் 3 காரைப் பிரித்துப் பார்த்து, அதன் மின்னணு அமைப்பையும் மின்கலத்தையும் வியந்து புகழ்ந்தார். அதே காரின் தகடுகளுக்கிடையே இருந்த ஒழுங்கற்ற சந்துகளையோ வெளிப்படையாகக் குறை கூறினார். 2021 இல் அந்நிறுவனத் தலைவர் எலான் மஸ்க் அவரோடு உரையாடியபோது, உற்பத்தியை விரைந்து பெருக்கும் காலத்தில் இத்தகைய குறைகள் நேர்வதை ஒப்புக்கொண்டதோடு, தொடக்கத்திலோ உற்பத்தி நிதானப்பட்ட பின்னோ வாங்குவதே நலம் என்றும் சொன்னார். விற்பவரே அப்படிச் சொல்லியிருக்க, வாங்குகிற நாம் ஏன் கூசவேண்டும்?

மீனவ அண்ணன் வலப்புறப் பின்கதவின் எதிரே நின்றுவிட்டார். மற்றக் கதவுகளைச் சாத்தினால் 'தொம்' என்று ஒரே ஓசை. இதில் மட்டும் அதன் பின்னால் ஒரு சிறு கிலுகிலுப்பு. "தம்பி, இதை இன்னொரு தபா சாத்துங்க" என்றார். மூன்று முறை சாத்தக் கேட்டார். பிறகு நிழலிலிருந்து காரை வெயிலுக்கு நகர்த்தச் சொன்னார். அப்போதுதான் எங்களுக்கும் தெரிந்தது, அந்தக் கதவின் வெண்மை மற்றவற்றின் வெண்மையைவிடச் சற்றே பால்நிறமாக இருந்தது. நிழலில் எந்தக் கண்ணுக்கும் அகப்பட்டிராது.

வண்ணப்பூச்சின் தடிமனை அளக்கும் சிறு கருவி ஒன்றை டிங்கரிங் பட்டறையிலிருந்து வாடகைக்கு எடுத்துச் சென்றிருந்தோம். அது உலோகத் தகட்டின் மேல்தான் வேலை செய்யும். பம்பர் முதலிய பிளாஸ்டிக் பாகங்களில் பயன்படாது. தொழிற்சாலையில் இட்ட பூச்சு பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். எங்கள் காரின் மூடி, கூரை, மூன்று கதவுகள் எல்லாம் 100 க்கும் 120 க்கும் இடையே காட்டின. அந்தக் கதவு 260, 275, 240 என்று காட்டிற்று. கதவின் விளிம்பு ரப்பரை விலக்கிப் பார்த்தால், ரப்பரின் உட்புறத்தில் வெண்புள்ளிகள் தெறித்திருந்தன. கதவுக் கீல்களின் போல்ட் தலைகளில் பூச்சு உரிந்து, திருகுச்சாவி பிடித்த தடம் இருந்தது. ஆக, அந்தக் கதவு எங்கேயோ அடிபட்டு, கழற்றப்பட்டு, பூசப்பட்டு மறுபடி மாட்டப்பட்டிருக்கிறது.

இதுவரை கண்டது அழகைப் பற்றியது. கார் என்றால் கீறல் விழத்தானே செய்யும் என்று நாங்களே சமாதானம் செய்துகொண்டிருப்போம். ஆனால் அண்ணன் ஒரு கோணிப்பையை விரித்து, மல்லாந்து படுத்து, டார்ச் விளக்குடன் காரின் அடியில் நுழைந்தார். மின்சாரக் காரில் மின்கலத் தொகுதி இருக்கைகளுக்குக் கீழே, தரையோடு தட்டையாக, ஒரு பெரிய தாம்பாளம்போல் பொருத்தப்பட்டிருக்கும். சில நூறு கிலோ எடையுள்ள அந்தப் பெட்டிதான் காரின் விலையில் பெரும்பங்கு. பெட்ரோல் காரின் அடியில் ஒரு நசுங்கல் இருந்தால் அது நசுங்கல் மட்டுமே. இங்கேயோ அந்தத் தகட்டுக்கு மேலேயே மின்கலங்கள் அடுக்கப்பட்டுள்ளன. உறை நெளிந்தால் உள்ளிருக்கும் கலம் அழுந்தலாம். நீர்புகா அடைப்பு நெகிழலாம். அண்ணன் அடியிலிருந்து, "இங்க ஒரு கை நீளத்துக்கு உரசியிருக்கு, ஒரு எடத்துல உள்ள அமுங்கியிருக்கு" என்று குரல் கொடுத்தார். வலப்புறம், அந்தப் பின்கதவுக்கு நேர்கீழே. இரண்டும் ஒரே விபத்தில் நேர்ந்தவையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பையன் மட்டும் படமெடுத்துக்கொண்டே இருந்தான்.

விற்பனைப் பிரதிநிதி 25 வயதுக்கு மேற்படாத இளைஞர். மரியாதையாகப் பேசினார். ஏற்றி இறக்கும்போது இப்படி உரசுவது சகஜம் என்றும், பாலிஷ் போட்டால் தெரியாது என்றும், தரைவிரிப்பும் இருக்கை உறையும் இலவசமாகப் போட்டுத் தருவதாகவும் சொன்னார். மாதக் கடைசி. அவருக்கு எண்ணிக்கை முடிக்கவேண்டும். அவர்மேல் எங்களுக்குக் கோபம் வரவில்லை, இப்போதும் இல்லை. அந்தக் கதவை அவர் பூசவுமில்லை, அந்த வண்டியை அவர் இறக்கவுமில்லை. ஆனால் மேலாளர் வந்து, "வண்டி உங்கள் பெயருக்கு ஒதுக்கியாகிவிட்டது, மாற்ற இயலாது; வேறு வண்டி வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்" என்றபோது மனம் கசந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாட்களே இருந்தன.

திரும்பும் வழியில் எங்களுக்குள் வாக்குவாதமே எழுந்தது. கதவின் நிறம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருவர். கீழே அமுங்கிய இடம் எட்டு ஆண்டு நம்மோடு இருக்குமே என்று மற்றவர். அம்மாவின் அடுத்த சிகிச்சை வெள்ளிக்கிழமை. இன்னும் ஒரு மாதம் ஆட்டோவில் என்பதை அவரிடம் யார் சொல்வது? வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் கட்டிலில் படுத்தபடியே கேட்டுவிட்டு, "ரெண்டு வருஷமா ஆட்டோவுலதான் போறேன். இன்னும் ஒரு மாசத்துல என்ன ஆயிடப் போவுது? வழியில நின்னுபோற வண்டியில என்னை ஏத்தாதீங்க, கண்ணுங்களா" என்றார். அன்றிரவே கடிதம் எழுதினோம்.

கடிதத்தில் கோபச் சொல் ஒன்றுமில்லை. வாகனக் குறி எண், நாள், கண்ட குறைகள், தடிமன் அளவுகள், படங்கள். பதிவுக்கு விண்ணப்பிக்க எங்கள் ஒப்புதல் இல்லை என்ற ஒரு வாக்கியம். வேறு வாகனம் தரவேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்ற கோரிக்கை. இவ்வளவே. விற்பனையகத்துக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சலாக அனுப்பினோம். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் தரத்தில் உள்ள எந்தக் குறையும், ஊனமும், போதாமையும் 'பழுது' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று அது கூறுகிறது. 50 இலட்சம் ரூபாய் வரை செலுத்தி வாங்கிய பொருளைப் பற்றி மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும். 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்து ஆலோசனையும் பெறலாம். இவற்றை அறிந்து வைத்திருந்தோமேயன்றிக் கடிதத்தில் மிரட்டலாக எழுதவில்லை. நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்தினம், வேறு வண்டி தருவதாகப் பதில் வந்தது. பங்குத் தந்தையிடம் சென்று நேரத்தை ஒத்திவைத்தோம். கூடப்பாக்கத்து உறவினர் மட்டும் சற்று மனத்தாங்கலோடு, "கார்ல கோடு போட்டுக் குறை பாப்பீங்களா?" என்று கேட்டனர்.

இவ்விடத்தில் ஒரு சிறு சரித்திரம் நினைவுக்கு வருகிறது. 1899 ஏப்ரல் 29 அன்று, பாரிஸ் மாநகரின் அருகே கமீல் ழெனாத்ஸி என்னும் பெல்ஜியர் ஓட்டிய கார் மணிக்கு 105 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சென்றது. சாலை வாகனம் ஒன்று 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது அதுவே முதன்முறை. அது பெட்ரோல் காரன்று, மின்சாரக் கார்! அதன் பெயர் 'லா ழமே கோன்தாந்த்'. பிரெஞ்சு அறிந்த புதுச்சேரிப் பெரியவர்களுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்க்காகச் சொன்னால், 'என்றுமே திருப்தி அடையாதவள்' என்று பொருள். விற்பனையகத்தில் எங்களுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தாலும் வியப்பில்லை. நம் நாட்டிலும் 2001 முதல் பெங்களூரிலிருந்து ரேவா என்னும் குட்டி மின்சாரக் கார் விற்பனைக்கு வந்ததை வாசகர் சிலர் கண்டிருப்பீர்கள். ஆகவே, இது முற்றிலும் புதிய பொருளன்று, மின்கலந்தான் மாறியிருக்கிறது.

நிற்க. இரண்டாவது வண்டி 23 நாட்கள் கழித்து வந்தது. பத்தாவது எழுத்து 'எஸ்'. டயரில் 2225. பூச்சின் தடிமன் எங்கும் ஒரே சீராக இருந்தது, அடித்தட்டு சுத்தம். பிரேக் தட்டுகளில் செம்மண் நிறத்தில் மெல்லிய துரு படிந்திருந்ததைக் கண்டு நாங்கள் பதறினோம்; அது நின்ற வண்டியில் ஈரம் பட்டு வரும் மேல்துரு, நான்கு முறை பிரேக் போட்டால் போய்விடும் என்று பையன் விளக்கினான். உண்மையில் அப்படியே போயிற்று. எது குறை, எது குறையன்று என்று அறிந்துகொள்வதும் சோதனையில் ஒரு பாதி. திரையில் காட்டும் 'ஓடக்கூடிய தூரம்' விளம்பரத்தில் சொன்னதைவிடக் குறைவாக இருந்தால் அதுவும் பழுதாகாது. விளம்பரத்தில் உள்ள எண், ஆய்வுக்கூடத்தில் குறித்த முறைப்படி ஓட்டி அளந்தது. நம் சாலையும், வெயிலும், குளிர்சாதனமும் அதைக் குறைக்கவே செய்யும்.

மின்னேற்றத்தைக் கொட்டிலிலேயே சோதித்தோம். மெதுவாக ஏற்றும் முறை, விரைவாக ஏற்றும் முறை இரண்டையும் செருகிப் பார்க்கவேண்டும். செருகி உள்ளே பூட்டிக்கொள்கிறதா, திரையில் மின்னோட்டம் ஏறுகிறதா, நிறுத்தச் சொன்னால் விடுகிறதா என்று பார்த்தோம். கம்பியும் அதன் பையும் வண்டியோடு வருகின்றனவா என்றும், சாவி இரண்டும் வேலை செய்கின்றனவா என்றும் பார்ப்பது நலம். பிறகு வண்டியை ஓட்டினோம். பெட்ரோல் காரில் இயந்திரத்தின் இரைச்சல் பல குறைகளை மூடி மறைத்துவிடும். இங்கே இயந்திரம் பேசுவதில்லை, ஆகவே ஒரு பிளாஸ்டிக் பிடிப்பு தளர்ந்திருந்தாலும் காதில் விழும். மேடு பள்ளமான இடத்தில் மெதுவாக, குளிர்சாதனமும் வானொலியும் இன்றி ஓட்டிக் கேட்பதே தக்கது.

கடைசியாக, வண்டி கழுவும் இடத்தில் பத்து நிமிடம் தொடர்ந்து நீர் அடிக்கச் சொன்னோம். அங்கிருந்த பணியாளர் சிரித்தார், ஆனாலும் அடித்தார். உள்ளே தரைவிரிப்பின் கீழே கைவைத்துத் துழாவியபோது, இடப்புறப் பின்கதவின் அடியில் விரல் நனைந்தது. ரப்பர் பட்டை ஓரிடத்தில் சரியாக அமரவில்லை. அண்ணன் எங்களைப் பார்த்தார். நாங்கள் அண்ணனைப் பார்த்தோம். மறுபடி ஒரு மாதமா?

இம்முறை நாங்கள் வண்டியை மறுக்கவில்லை. மின்கலத்தின் உறை நசுங்குவது வேறு. ரப்பர் பட்டை நழுவுவது வேறு. ரப்பரை மாற்றலாம்; மாற்றியபின் அங்கே குறை இருந்த சுவடே இராது. ஒப்படைப்புச் சீட்டில், 'இடப்புறப் பின்கதவில் நீர்க்கசிவு. விற்பனையகம் தன் செலவில் சரிசெய்யும்' என்று எழுதி மேலாளரின் கையொப்பமும் முத்திரையும் பெற்றுக்கொண்டே கையெழுத்திட்டோம். வாயால் சொன்ன வாக்குறுதிக்குச் சாட்சி கிடையாது. அந்த இளைஞர் வேறிடத்துக்கு மாறிவிட்டால் யாரைக் கேட்பது?

வீட்டிலும் ஒரு சோதனை இருந்தது. வண்டி வருமுன்பே மின்பணியாளரை அழைத்து எங்கள் வீட்டு எர்த் இணைப்பை அளக்கச் செய்தோம். கடற்கரை மணல் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த மணலில் எர்த் சரியாக இறங்குவதில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 14 வோல்ட் காட்டிற்று. அது மிக அதிகம். புதிய குழி தோண்டி, செம்பு பூசிய கம்பி இறக்கி, ஈரம் காக்கும் கலவையை நிரப்பியபின் 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. மின்னேற்றும் கம்பியிலுள்ள சிறு பெட்டி எர்த் சரியில்லையென்றால் சிவப்பு விளக்கை எரியவிட்டு மின்சாரத்தை வாங்க மறுத்துவிடும். இதை அறியாதோர், புதுக் கார் பழுது என்று விற்பனையகத்தோடு சண்டை பிடிக்கின்றனர். பழுது சுவரிலோ மண்ணிலோ இருக்கும். கார் எட்டு மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் இழுக்கும் ஆகையால் தடித்த கம்பியும், தனி 16 ஆம்பியர் செருகியும், மின்கசிவைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் போட்டோம். இதில் சிக்கனம் கூடாது.

கண்ணால் காணக்கூடியதை எல்லாம் கண்ட பின்னும், காண முடியாதது ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2021 ஆகஸ்டில் தன் போல்ட் மின்சாரக் கார்கள் அனைத்தையும், ஏறத்தாழ 1,40,000 வண்டிகளை, திரும்ப அழைத்தது. கலத்தினுள் கிழிந்த ஓர் எதிர்முனை நாவும், மடிந்த ஒரு பிரிப்புத் தாளும் ஒரே இடத்தில் சேர்ந்தால் தீப்பிடிக்கக் கூடும் என்பதே காரணம். நம் நாட்டிலும் 2020 டிசம்பரில் ஹூண்டாய் நிறுவனம் கோனா மின்சாரக் கார்களில் 456 ஐ மின்கல அமைப்பைச் சோதிப்பதற்காகத் தானே முன்வந்து அழைத்தது. எந்த மீனவ அண்ணன் மல்லாந்து படுத்தாலும் இவற்றைக் காணமுடியாது. எந்த நாணயத்தின் ஓசையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், பழுதுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரம் அரசுக்குத் தரப்பட்டது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. வாங்கியபோது கொடுத்த தொலைபேசி எண்ணையும் முகவரியையும் மாற்றினால் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள் என்று நாங்கள் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். அழைப்பு வரும்போது அது நம்மை வந்தடைய வேண்டுமே.

பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்துடன் வண்டி இப்போது எங்கள் வாசலில் நிற்கிறது. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதால் பிரேக் தட்டுகளுக்கு வேலை குறைவு. உப்புக் காற்றில் அவை துருப்பிடித்துவிடாதிருக்க, வாரம் ஒருமுறை ஆளில்லாச் சாலையில் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பிரேக் போடுகிறோம். முதல் முறை போட்டபோது அம்மா பின்னிருக்கையிலிருந்து, "மெதுவா, மெதுவா" என்று சத்தமிட்டார். இப்போது ஜிப்மரிலிருந்து திரும்பும்போது பெரும்பாலும் உறங்கிவிடுகிறார். இடப்புறக் கதவின் ரப்பர் பட்டையை மூன்றாம் வாரத்தில் மாற்றித் தந்தார்கள். ஐப்பசி மழையில் அந்தக் கதவின் அடியில் கைவைத்துப் பார்த்தோம், காய்ந்திருந்தது. எங்கள் சோதனைத் தாளைப் படியெடுத்துக் கொடுங்கள் என்று இதுவரை ஏழு குடும்பத்தார் வாங்கிச் சென்றுள்ளனர். அவர்களில் இருவர் தங்கள் கொட்டிலுக்கு மீனவ அண்ணனையும் அழைத்துப் போயினர்.